பாசுரத்துக்குப் படம் வேண்டுமோ?

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

அருளிச்செயலையும் அதன் வ்யாக்யானங்களையும் அநுபவிக்கும் வழக்கம் ஓலையிலிருந்து அச்சுக்கும், அச்சிலிருந்து கைபேசித் திரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. திரைக்கு வந்தபின் பாசுரம் தனியே வருவது அரிதாகிவிட்டது. மேலே ஒரு படம், அதன் கீழே பாசுரம், அதன் கீழே பதவுரை என்பதே இப்போதைய அமைப்பு. திருப்பாற்கடல் என்றால் நீலக் கடலும் பணிகள் பல விரித்த அரவணையும். கோவர்த்தனம் என்றால் சுண்டுவிரலில் மலை. உரல் என்றால் வெண்ணெய் அப்பிய வாயோடு ஒரு குழந்தை. பாசுரத்தை வாசிக்கத் தொடங்கும் முன்பே கண் ஒன்றைக் கண்டுவிடுகிறது.

இது நமக்கு நன்மையா என்று அன்பர்கள் பலர் கேட்கிறார்கள். படம் இல்லாவிட்டால் பிள்ளைகள் பாசுரத்தின் அருகே வரமாட்டார்கள், அயல்நாடுகளில் வளரும் குழந்தைகளுக்கு எம்பெருமானை முதலில் காட்டிக்கொடுப்பது படமே என்பது ஒரு தரப்பு. ஆழ்வார் மயர்வற மதிநலம் அருளப்பெற்றுக் கண்டதை ஓர் ஓவியரின் கைத்திறத்துக்குள் அடைத்துவிட்டு, அதையே ஆழ்வார் கண்டது என்று நம்புவது பெரும் இழப்பு என்பது மற்றொரு தரப்பு. இரண்டிலும் நியாயம் உண்டு. இரண்டையும் நம் பூர்வர்களின் திருவுள்ளத்தைத் துணையாகக் கொண்டு ஆராய்ந்து பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இரண்டு ஐதிஹ்யங்கள்

எம்பெருமானார் விஷயமாகப் பெரியோர் சொல்லும் இரண்டு ஐதிஹ்யங்களை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும்.

முதலாவது. உடையவர் மாதுகரத்துக்கு எழுந்தருளிக்கொண்டிருக்கிறார். வீதியில் சிறுபிள்ளைகள் விளையாடுகிறார்கள். அவர்களில் ஒருவன் காலால் புழுதியில் ஏதோ கீறி, இதுவே உங்கள் எம்பெருமானுடைய திருமேனி என்கிறான். எம்பெருமானார் திருக்கையில் இருந்த பாத்ரத்தைக் கீழே வைத்துவிட்டு, அந்தக் கோடுகளின் முன் தண்டனிடுகிறார். அடியார் எந்த உருவத்தை உகக்கிறார்களோ அந்த உருவத்தையே தனதாகக் கொள்பவன் எம்பெருமான் என்ற பொய்கையாழ்வாருடைய திருவாக்குக்கு இதையே சான்றாகக் காட்டுவார்கள்.

இரண்டாவது. இளையாழ்வாராக யாதவப்ரகாசரிடம் வாசித்த காலம். ஆசிரியருக்கு எண்ணெய்க் காப்பு இட்டுக்கொண்டிருக்கையில், சாந்தோக்ய உபநிஷத்தில் ஆதித்ய மண்டலத்தின் நடுவே விளங்கும் பொன்மேனிப் புருஷனுடைய திருக்கண்களைச் சொல்லும் இடத்துக்குப் பொருள் வருகிறது. அங்குள்ள 'கப்யாஸம்' என்ற சொல்லுக்கு ஆசிரியர் குரங்கின் பின்புறத்தை உவமையாகச் சொல்கிறார். கேட்டவருடைய கண்ணீர் வெதுவெதுப்பாக ஆசிரியரின் தொடையில் விழுகிறது. ஆழ்ந்த நீரில் தோன்றி, நாளத்தின் மேல் நின்று, கதிரவனால் மலர்த்தப்பட்ட தாமரை என்றே அதற்குப் பொருள் கொள்ள வேண்டும் என்று விண்ணப்பம் செய்கிறார். பின்னாளில் வேதார்த்த ஸங்க்ரஹத்தில் அந்தத் தாமரை அழியா இடம் பெற்றது.

இவ்விரண்டும் ஒருவருடைய திருவுள்ளத்தில் எப்படிப் பொருந்துகின்றன? புழுதியில் காலால் கீறிய கோட்டுக்கு லக்ஷணமும் இல்லை, அளவும் இல்லை. எழுதியது கையும் அன்று, கால். அதன் முன் தண்டன் ஸமர்ப்பித்தவர், வேதம் கற்ற ஒருவர் சொல்லால் வரைந்த கண் தவறாகப் போனபோது அழுதார். கோடு எப்படி இருந்தாலும் எம்பெருமான் எம்பெருமானே என்றால் அந்த உவமையையும் பொறுத்திருக்கலாம். லக்ஷணம் தவறினால் பொறுக்கலாகாது என்றால் புழுதிக் கோட்டைக் கடந்து போயிருக்கலாம்.

அடியேனுக்குத் தோன்றுவது இது. காண்பவனுக்கு ஒரு தர்மம், காட்டுபவனுக்கு ஒரு தர்மம். காண்பவன் எதிலும் எம்பெருமானைக் காணக் கடமைப்பட்டவன். அவன் குற்றம் பார்த்தால் அவனுக்கே நஷ்டம். காட்டுபவனோ தான் அறிந்த அளவுக்குப் பொறுப்புடையவன். அந்தப் பிள்ளைக்குத் தெரிந்தது ஒன்றே: எம்பெருமான் என்ற பெயர். தெரிந்த அவ்வளவையும் அவன் கொடுத்துவிட்டான். யாதவப்ரகாசருக்குத் தெரிந்தது கடலளவு. அவர் கொடுத்தது அதில் மிகத் தாழ்ந்த ஒன்று. எம்பெருமானார் கோட்டின் அழகை அளந்து பார்த்து ஓரிடத்தில் தண்டனிடவும் இல்லை, ஓரிடத்தில் அழவும் இல்லை. முதலிடத்தில் அவர் காண்பவர்; இரண்டாமிடத்தில், காட்ட வேண்டிய ஒருவர் காட்டத் தவறியதைக் கண்டவர்.

இன்றைய குழப்பம் பெரும்பாலும் இந்த இரண்டு தர்மங்களும் இடம் மாறுவதால் வருவது. படம் வரைபவரும் வெளியிடுபவரும், எந்த உருவமாக இருந்தால் என்ன, பக்திதானே முக்கியம் என்று காண்பவருக்கு உரிய தளர்த்தியைத் தமக்கு எடுத்துக்கொள்கிறார்கள். காண்பவர்களோ, எங்கோ ஒரு வீட்டில் மூதாட்டி ஒருவர் நாள்தோறும் பூச்சூட்டி வணங்கும் பழைய நாட்காட்டிப் படத்தைப் பார்த்து, திருமண்காப்பு சரியில்லை, ஆயுதம் மாறியிருக்கிறது என்று காட்டுபவருக்கு உரிய கண்டிப்பைச் செலுத்துகிறார்கள்.

சாஸ்த்ரத்தில் எழுதிய திருமேனி

படமாக எழுதிய உருவத்துக்கு சாஸ்த்ரத்தில் இடமுண்டா என்ற ஐயம் வேண்டியதில்லை. ஸ்ரீபாகவதத்தின் பதினோராம் ஸ்கந்தத்தில் கண்ணன் உத்தவருக்கு எட்டு வகைத் திருவுருவங்களைச் சொல்கிறான்: கல்லால் ஆனது, மரத்தால் ஆனது, உலோகத்தால் ஆனது, மண் முதலியவற்றைப் பூசி அமைத்தது, எழுதியது, மணலால் ஆனது, மனத்தால் ஆனது, மணியால் ஆனது. எழுதிய உருவம், மணல் உருவம், மனத்துருவம் ஆகிய மூன்றும் அடுத்தடுத்து நிற்கின்றன. புழுதியில் கீறிய பிள்ளையின் செயல் இம்மூன்றையும் ஒருசேரத் தொட்டது என்று சொல்லலாம். சிற்ப சாஸ்த்ரமும் முழுவதும் திரண்ட உருவத்தைச் சித்ரம் என்றும், பாதி புடைத்ததை அர்த்தசித்ரம் என்றும், சுவரிலோ துணியிலோ எழுதியதைச் சித்ராபாஸம் என்றும் வகுத்துக் கூறுகிறது.

விஷ்ணுதர்மோத்தர புராணத்தின் மூன்றாம் காண்டத்தில் சித்ரஸூத்ரம் என்ற பகுதி உண்டு. ஓவியக்கலை தோன்றிய வரலாற்றை அது சொல்லும் விதம் நம் ஸம்ப்ரதாயத்தவர்க்கு மிகவும் இனிப்பது. நாராயண ரிஷி தவம் செய்கையில் அதைக் கலைக்க அப்ஸரஸ்ஸுகள் வந்தார்கள். அவர் மாஞ்சாற்றைக் கொண்டு பெண்ணுருவம் ஒன்றை எழுத, அது ஊர்வசியாக எழுந்தது. வந்தவர்கள் நாணித் திரும்பினார்கள். பிறகு அக்கலையை விச்வகர்மாவுக்கு அவரே கற்பித்தார். பதரிகாச்ரமத்தில் நாராயணனாய் நின்று நரனுக்குத் திருமந்த்ரத்தை வெளியிட்டருளினவன் எம்பெருமான் அன்றோ? முதல் மந்த்ரமும் முதல் ஓவியமும் ஒரே ஆசார்யனிடமிருந்து வந்தவை என்றால், சொல்லுக்கும் சித்திரத்துக்கும் பகை கற்பிக்க நாம் யார்?

ஆனால் ஒரு வேறுபாட்டை மறக்கலாகாது. ப்ரதிஷ்டை பெற்றுத் திருவாராதனம் நடக்கும் அர்ச்சாவதாரம் வேறு. சுவரில் மாட்டிய படம் வேறு. பிள்ளை லோகாசார்யர் ஸ்ரீவசனபூஷணத்தில் எம்பெருமானுடைய ஐந்து நிலைகளுக்கும் நீரை உவமையாக்கி, பெருகி ஓடிய ஆறு வற்றிய பின்னும் தேங்கி நிற்கும் மடுக்களாக அர்ச்சாவதாரத்தை அருளிச்செய்தார். தாகம் எடுத்தவன் குனிந்து பருகக்கூடியது அந்த மடு. அவ்வுவமையைத் தொடர்ந்தால், படத்தை அம்மடுவுக்குப் போகும் வழி என்று கொள்ளலாம். வழியை வணங்குவதில் தவறில்லை. வழியிலேயே நின்றுவிடுவதுதான் தவறு.

கையெழுத்தும் அடையாளமும்

அடியேன் வங்கிப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவன். காசோலை வந்தால் அதில் உள்ள கையெழுத்தை எங்களிடம் உள்ள மாதிரிக் கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். கையெழுத்து அழகாக இருக்கிறதா என்பது அங்கே கேள்வியே இல்லை. நடுங்கிய கையால் எழுதிய கோணல் எழுத்தாக இருந்தாலும், பதிவில் உள்ளதோடு பொருந்தினால் பணம் உண்டு. முத்துமுத்தாக எழுதியிருந்தாலும் பொருந்தாவிட்டால் திருப்பி அனுப்புவோம். எம்பெருமானுடைய திருமேனியை எழுதுபவர்க்கும் இது பொருந்தும். ஒவ்வொரு திவ்யதேசத்து எம்பெருமானும் தனக்கென ஓர் அடையாளத்தோடு எழுந்தருளியிருக்கிறான். அந்த அடையாளமே அங்கு அவன் காட்டும் குணம்.

திருவல்லிக்கேணியை எடுத்துக்கொள்வோம். அங்கு வேங்கடகிருஷ்ணன் மீசையோடு, திருச்சங்கை மட்டும் ஏந்தி, திருவாழி இல்லாமல் ஸேவை ஸாதிக்கிறான். பாரதப் போரில் ஆயுதம் எடேன் என்று சொன்ன சொல்லுக்கு அந்தத் திருக்கை சாட்சி. உத்ஸவரான பார்த்தஸாரதியின் திருமுகத்தில் பீஷ்மருடைய அம்புகள் பட்ட தழும்புகள். தேரின் முன்தட்டில் அமர்ந்திருக்கும் சாரதியின்மேல்தான் எதிரியின் அம்பு முதலில் படும். அர்ஜுனன்மேல் படவேண்டியதைத் தன் திருமுகத்தில் ஏற்றவன் என்பதற்கு அத்தழும்புகளே ஆதாரம். அழகு கருதி ஓர் ஓவியர் தழும்பை நீக்கிப் பளபளப்பாக எழுதினால் அவர் நீக்கியது புள்ளிகளை அன்று. ஆச்ரித பக்ஷபாதம் என்ற குணத்தையே நீக்கிவிட்டார். நிறைவுக்காகத் திருவாழியையும் சேர்த்து எழுதினால், அவன் காத்த சொல்லை நாம் பொய்யாக்குகிறோம்.

திருக்கோவலூரில் இது மறுபுறமாக நிற்கிறது. உலகளந்த எம்பெருமான் அங்கு வலத்திருக்கையில் சங்கும் இடத்திருக்கையில் ஆழியும் கொண்டு ஸேவை ஸாதிக்கிறான். பொதுவழக்கை மட்டும் அறிந்தவர், ஆயுதங்கள் இடம் மாறிவிட்டன என்று படத்தைத் திருத்தப் புகுவார். திருத்தினால் அது திருக்கோவலூர் அன்று. விதியைக் கற்பது ஒரு படி. அவ்விடத்துக்கு நேரே சென்று ஸேவிப்பது அதற்கு மேற்பட்ட படி. சில்பி என்ற பெயரில் ஆனந்த விகடனில் தென்னாட்டுச் செல்வங்களை வரைந்தவரின் கோட்டோவியங்கள் இன்றும் மதிக்கப்படுவதற்குக் காரணம், அவர் கோயில் கோயிலாகச் சென்று, எதிரே அமர்ந்து, கண்டதை வரைந்தார் என்பதே.

சிற்பியும் ஒரு வ்யாக்யாதா

லக்ஷணம் காப்பதோடு ஓவியரின் பணி முடிந்துவிடுவதில்லை. நல்ல சித்திரம் வ்யாக்யானமும் செய்யும். இதற்குத் திருக்கடல்மல்லையைவிடச் சிறந்த உதாரணம் இல்லை.

மல்லையில் கண்ணன் கோவர்த்தனம் எடுத்த காட்சி, பல்லவர் காலத்தில் பாறையில் செதுக்கப்பட்டிருக்கிறது. பிற்காலத்தில் அதன் முன் ஒரு மண்டபமும் கட்டினார்கள். கண்ணன் மலையைத் தாங்கி நிற்கிறான். ஆயரும் ஆய்ச்சியரும் சூழ்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு நடுவே ஓர் ஆயன் குத்துக்காலிட்டு அமர்ந்து பசுவைக் கறந்துகொண்டிருக்கிறான். பசு தன் கன்றை நக்கிக்கொண்டிருக்கிறது.

கல்மாரி பொழிகிறது, மலை அந்தரத்தில் நிற்கிறது, இந்த ஆயன் பால் கறக்கிறான்! சற்றே நின்று இதைச் சிந்திக்க வேண்டும். ரக்ஷகன் இருக்கிறான் என்று தெளிந்தவனுக்கு, ஆபத்தின் நடுவிலும் அன்றாடப் பணி தடைப்படுவதில்லை. பசுவைக் கறக்கும் நேரம் வந்தது, கறக்கிறான். மலையைப் பார்த்துக்கொள்வது கண்ணன் பொறுப்பு. மஹாவிச்வாஸம் என்று நாம் படிக்கும் சொல் ஆளுருவெடுத்து அங்கே அமர்ந்திருக்கிறது. பிறகு அந்தப் பசு. வாத்ஸல்யம் என்ற குணத்துக்கு நம் பூர்வர்கள் தரும் உவமையே, அன்று ஈன்ற கன்றின் உடல் அழுக்கைத் தானே நாவால் நக்கித் தூய்மையாக்கும் பசுதான். மலை எடுத்த கையின் கீழ் அந்தப் பசுவைக் காணும்போது, நம்முடைய தோஷத்தையும் போக்யமாகக் கொள்பவனே மேலே நிற்கிறான் என்பது விளங்குகிறது.

அச்சிற்பி இவ்வளவும் எண்ணித்தான் செதுக்கினானா என்று கேட்கலாம். ஆயர் வாழ்க்கையைக் கண்டபடி செதுக்கியிருக்கலாம். ஆனாலும் பாசுரத்தின் ஒரு சொல்லில் பல அர்த்தங்களைக் கண்ட பூர்வர்களிடம் பயின்ற கண்ணுக்கு, கல்லிலும் அர்த்தம் புலப்படுவது முறையே. மல்லைச் சிற்பி அற்புதத்தை மட்டும் காட்டியிருந்தால் நாம் வியந்துவிட்டு வந்திருப்போம். அற்புதத்தின் கீழ் வாழ்பவர்களைக் காட்டியதால் அங்கே நமக்கும் ஓர் இடம் கிடைத்தது.

பழைய சித்திரங்கள் பலவும் சொல்லோடு சேர்ந்தே வாழ்ந்தன என்பதையும் கவனிக்க வேண்டும். அழகர்கோயில் வஸந்த மண்டபத்தில் ஸ்ரீராமாயணக் காட்சிகளோடு அவற்றை விளக்கும் எழுத்துகளும் உண்டு. கும்பகோணம் ராமஸ்வாமி கோயில் ப்ராகாரச் சுவரில் ராமாயணம் வரிசை வரிசையாக எழுதப்பட்டிருக்கிறது; அதைப் படிக்க நடக்க வேண்டும், நடப்பதே ப்ரதக்ஷிணமாகிவிடுகிறது. அங்கே திருவடி ஒரு கையில் வீணையும் மறுகையில் ஸ்ரீராமாயணச் சுவடியும் ஏந்தியிருக்கிறார். எம்பெருமானை நேரே ஸேவித்துக்கொண்டிருப்பவருக்கே சுவடி வேண்டியிருக்கிறது என்றால், படத்தைக் கண்டவர்க்குப் பாசுரம் எதற்கு என்ற பேச்சுக்கு இடம் ஏது? வடக்கே மேவார் அரசர் ஜகத்சிங் காலத்தில், 1649 முதல் 1653 வரை எழுதப்பெற்ற ராமாயண ஏடுகளிலும் வால்மீகியின் ச்லோகங்களும் சித்திரங்களும் சேர்ந்தே இருக்கின்றன.

படத்தால் ஆகாதது

இனி இரண்டாம் தரப்பாரின் கவலைக்கு வருவோம். படத்தால் தர இயலாதவை உண்டு. அவற்றை ஒளிக்காமல் சொல்வதே நேர்மை.

பெரியாழ்வார் கண்ணனுடைய பிள்ளைத்தனத்தைப் பாடும்போது யசோதையாகவே ஆகிவிடுகிறார். பாசுரத்தைச் சொல்லும் நமக்கும் அந்தத் தாயின் கண்ணும் கையும் கிடைக்கின்றன. நாமே குழந்தையை நீராட அழைக்கிறோம். நாமே சந்த்ரனைக் கூவுகிறோம். படத்திலோ யசோதை நம் எதிரே நிற்கிறாள். அவளையும் குழந்தையையும் நாம் வெளியே நின்று பார்க்கிறோம். பாசுரம் நம்மைத் தாயாக்கியது. படம் நம்மைப் பார்வையாளராக்கியது. எவ்வளவு சிறந்த ஓவியராலும் இந்த இடைவெளியை முழுவதும் மூட முடியாது.

மற்றொன்று எளிமையால் வரும் ஆபத்து. கண்ணன் உரலோடு கட்டுண்ட எளிமையை நினைத்த நம்மாழ்வார் ஆறு மாதம் மோஹித்துக் கிடந்தார் என்று பெரியோர் சொல்வர். அனைத்துலகையும் கட்டி ஆள்பவன் ஒரு கயிற்றுக்குக் கட்டுண்டான் என்பதை ஆழ்வாரால் தாங்க முடியவில்லை. அதே காட்சி அழகிய வண்ணப்படமாகக் கைபேசிக்கு வருகிறது. விரலால் தள்ளிவிட்டு அடுத்த செய்திக்குப் போகிறோம். இதற்கு ஓவியரைக் குறை சொல்ல முடியாது. கோட்டில் தவறில்லை, வண்ணத்தில் தவறில்லை. நின்று காணாத நம் கண்ணே குறை.

அதே படம் சிலரை அசைக்கிறது, சிலரை அசைப்பதில்லை, ஏன்? ஸ்ரீபாகவதத்தில் பாணாஸுரன் மகள் உஷை கனவில் கண்டவன் யார் என்று அறிய, தோழி சித்ரலேகை ஒவ்வொருவராக எழுதிக் காட்டுகிறாள். ப்ரத்யும்நனுடைய படத்தைக் கண்டதும் உஷைக்கு நாணம் வந்துவிடுகிறது. கனவில் வந்தவன் அநிருத்தன். ப்ரத்யும்நன் அவன் தந்தை. மாமனாராக வரவேண்டியவரின் படத்தின் முன் மருமகளுக்குரிய நாணம், அவர் யார் என்று அறியும் முன்பே வந்துவிட்டது! பவபூதியின் உத்தரராமசரிதத்தில் லக்ஷ்மணன் பழைய நிகழ்ச்சிகளின் சித்திரங்களைக் காட்ட, சூர்ப்பணகையின் உருவைக் கண்டு பிராட்டி அஞ்சுகிறாள். இது சித்திரம்தானே என்று பெருமாள் தேற்றுகிறார். படம் யாருக்கும் வெறுமே பேசுவதில்லை. உறவு உள்ளவரிடம் பேசுகிறது. அந்த ஸம்பந்த ஜ்ஞானத்தைத் தருவது ஆசார்யனுடைய உபதேசமும் ஆழ்வாருடைய பாசுரமும். ஸ்ரீமந்நாதமுனிகளின் இல்லத்துக்கு, வேட்டைக்குச் சென்ற அரசன் பரிவாரத்தோடு வந்து போனான். வில்லேந்திய இருவரும் ஒரு பெண்ணும் ஒரு குரங்கும் வந்தார்கள் என்று கேட்டவுடன், பெருமாளும் இளையபெருமாளும் பிராட்டியும் திருவடியுமே என்று அவர் தேடி ஓடினார் என்பது வரலாறு. சொல்லில் ஊறிய நெஞ்சுக்கு உலகமே சித்திரமாகிவிடுகிறது. சொல் இல்லாத நெஞ்சுக்குச் சித்திரமும் வெறும் காகிதம்.

வாசலுக்கு வெளியே நின்றவர்கள்

இவ்வளவு சொன்னபின், அச்சுப் படங்களைத் தாழ்த்திப் பேசுபவர்க்கு ஒன்றை நினைவூட்ட வேண்டும். ராஜா ரவிவர்மா 1894-இல் பம்பாயில் அச்சகம் தொடங்கியதும், மலிவான வண்ணப்படங்களாகத் திருமகளும் ஸ்ரீராமனும் எளிய வீடுகளுக்கு எழுந்தருளினார்கள். பின்னர் கோவில்பட்டியில் கொண்டையராஜுவும் அவருடைய மாணவர்களும் எழுதிய படங்கள் சிவகாசி அச்சகங்கள் வழியே நாட்காட்டிகளாகத் தமிழ்நாட்டுச் சுவர்களில் எல்லாம் ஏறின.

அந்தக் காலத்தை எண்ணிப் பாருங்கள். திருவிதாங்கூரில் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்தது 1936-இல். மதுரையில் ஆலயப் பிரவேசம் நடந்தது 1939-இல். அதுவரை பிறப்பைக் காரணம் காட்டி எத்தனையோ அடியார்களைக் கோயில் வாசலிலேயே நிறுத்தியிருந்தார்கள். திருப்பாணாழ்வாரை லோகஸாரங்க முனிகள் தோளில் சுமந்துவரச் செய்த அரங்கனின் திருவுள்ளத்தை நாம் பாடிக்கொண்டே மறந்திருந்த காலம் அது. அந்த அடியார்களின் மண்சுவரில் ஒரு காகிதப் படமாக எம்பெருமான் போய் அமர்ந்தான். அவனை அங்கே போகவேண்டாம் என்று தடுக்க ஒருவராலும் முடியவில்லை. அந்தப் படங்களில் ஆடை அணிகலன் ஆகமப்படி இல்லை, முகம் நாடகப் பாத்திரம் போல இருக்கிறது என்ற குறைகள் உண்மையாக இருக்கலாம். ஆனால் புழுதிக் கோட்டுக்கு எம்பெருமானார் தண்டனிட்டது போல, அந்தக் காகிதத்துக்கும் நாம் தண்டனிடக் கடமைப்பட்டிருக்கிறோம்.

இயந்திரம் எழுதும் படம்

இப்போது செயற்கை நுண்ணறிவு நொடியில் படம் எழுதித் தருகிறது. பாசுரத்தின் கருத்தைக் கொடுத்தால் போதும். ஒளிவீசும் திருமுகத்தோடு ஓர் உருவம் வந்துவிடும். விரல்கள் ஆறாகலாம், சங்கும் ஆழியும் இடம் மாறலாம், திருமண்காப்பு எந்த மரபிலும் இல்லாததாக இருக்கலாம். இவை நாளடைவில் திருந்தக்கூடிய பிழைகள். அடியேன் கவலைப்படுவது வேறொன்றுக்கு.

வணிகவியல் படித்தவர்களுக்குச் சராசரி என்பது பழகிய கணக்கு. பல எண்களைக் கூட்டி வகுத்தால் வரும் எண் பெரும்பாலும் அந்த எண்களில் எதுவாகவும் இருக்காது. இயந்திரம் ஆயிரமாயிரம் படங்களிலிருந்து பொதுவானதைத் திரட்டித் தருகிறது. 108 திவ்யதேசங்களின் சராசரி, 108-இல் எதுவும் அன்று. அதில் திருவல்லிக்கேணியின் தழும்பு இராது. திருக்கோவலூரின் மாற்றம் இராது. அர்ச்சாவதாரத்தின் பெருமையோ, எங்கும் நிறைந்தவன் ஓர் ஊருக்கு, ஓர் அடியாருக்கு என்று தன்னைக் குறுக்கிக்கொண்டு நிற்பதில் இருக்கிறது. அந்தக் குறிப்பிட்ட தன்மையைக் கழித்துவிட்டுப் பொதுவான ஒரு தெய்வ அழகை வைத்தால், ஸௌலப்யம் போய்விடுகிறது.

இன்னொன்று. புழுதியில் கீறிய பிள்ளை, இது உங்கள் எம்பெருமான் என்று சொன்னான். அப்படிச் சொல்ல ஒருவன் இருந்தான். இயந்திரத்துக்குத் திருவுள்ளம் இல்லை. அது எவரையும் உகந்து எழுதவில்லை. ஆகவே அந்தப் படத்தைக் காட்டுபவரே, அதாவது அதைக் கேட்டுப் பெற்று வெளியிடுபவரே, முழுப் பொறுப்பையும் ஏற்க வேண்டும். இயந்திரம் கொடுத்தது என்பது விடையாகாது.

நாம் செய்யத்தக்கவை

அன்பர்களுக்கு அடியேன் விண்ணப்பிக்க விரும்புவன சில.

பாசுரத்தோடு படம் வெளியிடுபவர்கள், அது எந்த திவ்யதேசத்து எம்பெருமான் என்பதையும், வரைந்தவர் தெரிந்தால் அவர் பெயரையும் குறிக்க வேண்டும். இயந்திரம் எழுதியதானால் அதையும் சொல்லிவிட வேண்டும். அடையாளம் தெரியாத படத்தைவிடப் படமில்லாத பாசுரம் மேல்.

வாசிப்பவர்கள் முதலில் பாசுரத்தைச் சொல்லி, பொருளைச் சிந்தித்து, மனத்தில் ஓர் உருவம் எழுந்தபின் படத்தைப் பார்க்கலாம். அப்போது படம் நம் நெஞ்சில் உள்ளதை அழிக்காது, அதனோடு பேசும். படத்தைக் காணும்போதும் திருப்பாணாழ்வார் காட்டிய முறையில் திருவடியில் தொடங்கித் திருக்கண்களில் முடிக்கலாம். ஒரு படத்தை ஒரு நிமிஷமாவது காணாமல் பிறருக்கு அனுப்புவதில்லை என்று வைத்துக்கொண்டாலே பாதி அபசாரம் குறையும்.

அழைப்பிதழிலும், பொட்டலத்திலும், பட்டாசின் மேலுறையிலும் எம்பெருமானையும் பிராட்டியையும் அச்சிடுவதைத் தவிர்க்க வேண்டும். கிழிக்கப்படுவதற்காகவே அச்சிடும் ஒன்றில் திருமுகத்தை வைப்பவர், காட்டுபவரின் தர்மத்தை முற்றிலும் கைவிட்டவர். பழுதான படங்களைக் குப்பையில் சேர்க்காமல், பெரியோர் காட்டும் வழியில் மரியாதையோடு விடுவிக்க வேண்டும்.

முக்கியமானது பிள்ளைகளைப் பற்றியது. அவர்களுக்கு ஆயத்தப் படங்களைக் கொடுத்துக்கொண்டே இருப்பதைவிட, பாசுரத்தின் கதையைச் சொல்லி, நீயே எழுதிக் காட்டு என்று காகிதத்தைக் கொடுக்கலாம். ஆண்டாளும் மன்மதனை வேண்டிச் சுவரில் கொடியும் குதிரையும் கரும்பு வில்லும் எழுதினவள், சிற்றில் இழைத்தவள், கூடல் வட்டம் கீறியவள். எழுதும் கைக்குக் கேள்விகள் வரும். ஆழி எந்தக் கையில்? திருமேனி என்ன நிறம்? மலையைத் தூக்கியபோது பசுக்கள் என்ன செய்தன? அந்தக் கேள்விகளுக்கு விடை தேடும்போது பெற்றோரும் வ்யாக்யானத்தைத் திறந்தாக வேண்டும். அப்படிப் படம் பிள்ளையையும் பெற்றோரையும் பாசுரத்துக்கே திருப்பி அழைத்து வரும். பிள்ளை எழுதியது எவ்வளவு கோணலாக இருந்தாலும், இதுதான் எம்பெருமான் என்று அது நீட்டும்போது, கையில் உள்ளதைக் கீழே வைத்துவிட்டுக் கைகூப்புவது நம் கடமை.

காட்டும்போது கண்டிப்பும் காணும்போது கனிவும் நமக்கு வாய்க்க எம்பெருமானார் திருவடிகளே சரணம்.

அடியேன்,
ராமாநுஜ தாஸன்